அன்று என் அப்பா குடித்திருக்கவில்லை

போன மாதம் நம் பங்குக் கோயில் கூடத்தில் மூத்தோர் கூட்டம் நடந்ததே, அதில் ஒருவர் எழுந்து ஒரு கதை சொன்னார். "அந்தக் காலத்துல ரொட்டிக்கடையில மாவு பிசையிறவர் ஒருத்தர் இருந்தாரு. பெரிய குடிகாரர். பெரிய வெள்ளியன்னிக்கே குடிச்சிட்டு வந்து தள்ளாடினாரு. அப்புறம் மனந்திரும்பி நல்ல சாவு செத்தாரு. அப்படி விசுவாசம் இருந்த காலம் அது." நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். சிலர் கைகூடத் தட்டினீர்கள்.

அந்த ரொட்டிக்காரர் என் அப்பா. நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு நான் எழுந்து நிற்பதற்குள் தேநீர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் மனம் நோகும் என்றால் நோகட்டும். உங்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தவர்கள்.

நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. எனக்கு ஒன்பது வயது. முதல் நற்கருணையான புது நன்மை வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் தலத்தெருவில் குடியிருந்தோம். அப்பா டவுனில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தார். பிரெஞ்சுக்கார அதிகாரிகள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்துதான் ரொட்டி போகும். ஒரு முழ நீளத்துக்கு, மேலே கீறல் போட்டு, கையில் எடுத்தால் பொருபொருவென்று உதிருமே, அந்த ரொட்டி. இப்போது அந்தப் பெயரில் விற்பது வேறு ஏதோ.

மாவு உப்புவதற்கு அப்போது ஈஸ்ட் பொடி கிடையாது. கள்தான். தென்னங்கள்ளைக் கலயத்தில் கொண்டுவந்து இறக்குவார்கள். அதை மாவில் ஊற்றிப் பிசைந்து மூடி வைத்தால் சாயங்காலத்துக்குள் தொட்டி நிறையப் பொங்கி நிற்கும். ஊற்றிப் பிசைகிற வேலை அப்பாவுக்கு. அதாவது ஒரு குடிகாரரின் கையில் தினமும் ஒரு கலயம் கள்.

ஆமாம், அப்பா குடித்தார். அதை நான் மறைக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், மதுவிலக்கு இருந்ததால் நம் ஊரில் தெருவுக்கு ஒரு சாராயக்கடை. அம்மாவின் அண்ணன், என் மாமா, நாகப்பட்டினத்தில் இருந்தார். திருமலைராயன்பட்டினம் வழியாக வரும் பஸ்ஸில் சனிக்கிழமைதோறும் தங்கச்சியைப் பார்க்க வருவார். வந்தது தங்கச்சியைப் பார்க்கவா, குடிக்கவா என்று எங்களுக்குத் தெரியும். அப்பாவும் அவரும் மத்தியானம் கிளம்பிப் போவார்கள்; வெயில் தாழ ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு வருவார்கள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில், குடித்துவிட்டு வந்த அப்பா என் தம்பியைத் தூக்கிக் கொஞ்சினார். தம்பிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. வாசற்படியில் கால் இடறிப் பிள்ளையோடு விழுந்தார். தம்பியின் இடது கை ஒடிந்தது. கட்டுப்போட்டு எலும்பு கூடியது. ஆனால் நேராகக் கூடவில்லை. கட்டு அவிழ்த்த அன்று அந்தக் கோணல் கையை அப்பா தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு எழுந்து வரவில்லை.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவர் நேராக எங்கள் வீட்டுச் சிலுவையில் இருந்த பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். அம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம். "ஆண்டவரே, இந்த நாக்குல இனிமே ஒரு சொட்டுப் படாது. பட்டா என்னைய எடுத்துக்கிடும்" என்றார். அம்மா நம்பவில்லை. அவள் அதற்கு முன்னால் எத்தனையோ சத்தியங்களைக் கேட்டவள். நான் நம்பினேன்.

முதல் இரண்டு வாரம் அவர் கை நடுங்கியது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். தவக்காலம் முழுவதும் ஒருசந்தி பிடித்தார். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அந்த ஒரு வேளையை நான் பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானம் வந்து, தூக்கில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். கடைக்குள் நுழைந்தாலே புளித்த வாசனையும் விறகுப் புகையும் முகத்தில் அடிக்கும். ஒரு நாள் தூக்கை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா கூப்பிட்டார்.

"பாப்பா, கள்ளு ஊத்துற நேரம். கொஞ்சம் இங்கயே நில்லு."

"ஏம்பா?"

"நீ நின்னா உன்னையப் பாத்துக்கிட்டே ஊத்திருவேன். இல்லாட்டி அதப் பாக்கணும்."

நான் நின்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கலயத்தைச் சாய்த்தார். நுரை மாவில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பிசைய ஆரம்பித்தார். முழங்கை வரை மாவு. ஒவ்வொரு குத்துக்கும் பரலோக மந்திரத்தில் ஒரே ஒரு வரி: "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்." குத்து, புரட்டு, மறுபடி அதே வரி. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டும். அன்றுமுதல் தினமும் நின்றேன். ஒரு மனிதன் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு தொங்குவதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். பிரசங்க மேடையில் பார்த்ததில்லை.

மாமா சும்மா இருப்பாரா? முதல் சனிக்கிழமை வந்து வீட்டு வாசலில் நின்றே சிரித்தார்.

"என்ன மச்சான், சாமியாரா போயிட்டீங்களாமே?"

"இல்ல மச்சான். குடிய விட்டுட்டேன்."

"நாப்பது நாளைக்குத்தான?"

"அப்புறமும்தான்."

"ஒரு மடக்கு நனைச்சா என்னங்க? ஆண்டவர் என்ன, உங்க நாக்கையே பாத்துக்கிட்டா உக்காந்திருக்காரு?"

"அவரு பாக்குறாரோ இல்லியோ, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல."

மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. தனியாகப் போய்க் குடித்துவிட்டு வந்து, அம்மாவிடம், "ஒம்புருசன் எனக்கு மரியாதை குடுக்கல" என்று சண்டை போட்டுவிட்டுப் போனார்.

கோயிலில் உபதேசியார் ஒருவர் இருந்தார். நமக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர். பிரம்பு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அப்பா குடியை விட்ட செய்தி அவர் காதுக்கும் போனது. "பெரிய வெள்ளி வரைக்கும் தாக்குப்பிடி. ஆண்டவரைத் தூக்குற எட்டுப் பேர்ல உன்னையும் சேக்குறேன்" என்று சொன்னார். சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவர் சுரூபத்தைப் பெட்டியில் கிடத்தித் தோளில் சுமந்து வருவார்கள் அல்லவா, அதற்கு. அப்பா அதைச் சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். வேட்டியைக் கஞ்சி போட்டு வைக்கச் சொன்னார். இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே.

அந்த மூன்று வாரத்தில்தான் அவர் உடம்பு மாறியது. கன்னம் ஒட்டிப்போயிற்று. சட்டை தொளதொளத்தது. ஒருசந்தி பிடிப்பதால் இளைத்துவிட்டார் என்று நினைத்தோம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கொல்லைப் பக்கம் அடிக்கடி போய் வந்தார். அவர் போய் வந்த இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. "இங்க யாரு சக்கரையக் கொட்டினது?" என்று அம்மா என்னைத் திட்டினாள். அவர் பேசும்போது மூச்சில் ஒரு வாடை வந்தது. பழுத்துக் கறுத்துப்போன பழத்தை மூடி வைத்துத் திறந்தால் வருமே, அப்படி. நான் மத்தியானம் கடையை விட்டுப் போன பிறகு கலயத்தில் வாய் வைக்கிறாரோ? கேட்க வாய் வரவில்லை. அம்மாவும் முகர்ந்திருக்கிறாள். அவளும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை ஞானோபதேசம் முடிந்து எல்லோரும் ஓடினீர்கள். உபதேசியார் என்னை மட்டும் நிறுத்தினார்.

"பொய் சொன்னா என்ன பாவம்?"

"சாவான பாவம், ஐயா."

"ஒங்கப்பன் வாயில வாடை வருதா?"

நான் தரையைப் பார்த்தேன். "வருதுங்க ஐயா."

"சரி, போ."

அவ்வளவுதான். என்ன வாடை என்று உபதேசியார் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். பழ வாடை என்று சொல்லியிருப்பேன். அன்றே வீட்டுக்கு வந்து அப்பாவைத் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எட்டுப் பேர் பட்டியலிலிருந்து அப்பாவின் பெயரை எடுக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த இரண்டு நாள் காத்திருப்பை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

பெரிய வியாழனன்று அந்த ஒரு வேளைச் சாப்பாட்டையும் அப்பா தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தண்ணீர்தான். கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு, பிற்பகல் வெயிலில் தலத்தெருவிலிருந்து நடந்து வந்தார். கோயிலில் சுரூபங்களெல்லாம் ஊதாத் துணி போர்த்தி நின்றன. மணி அடிக்காத நாள். மணியடிக்கிற கோயில்பிள்ளை அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டு நின்றேன். எட்டுப் பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார்கள். அப்பா குனிந்து பெட்டியின் தண்டைப் பிடித்தார். நிமிரும்போது கால் பின்னியது. பக்கத்தில் இருந்தவர் பிடித்திருக்காவிட்டால் பெட்டியின்மேலேயே விழுந்திருப்பார்.

உபதேசியார் வந்து அவர் முகத்துக்கு நேராக மூக்கை நீட்டினார். மாட்டை முகர்ந்து பார்ப்பதுபோல.

"வெளிய வா."

"நான் குடிக்கலீங்க ஐயா."

"நாறுது. இன்னிக்குமா?"

"பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் எறங்கலீங்க. சாமி, நீங்களாவது சொல்லுங்க சாமி."

கறுப்பு உடுப்பில் நின்ற சாமியார் கிட்டே வரவில்லை. "கோயில்ல சத்தம் வேணாம். வெளியே கொண்டுபோய் விடுங்க" என்றார்.

"எம்புள்ளயக் கேளுங்க சாமி! தெனமும் கடைக்கு வருது. அதுக்குத் தெரியும்!"

"அதுதானய்யா சொல்லிச்சு" என்றார் உபதேசியார்.

அப்பா என்னைத் தேடினார். அத்தனை முக்காடுகளுக்கு நடுவில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். கோபமே இல்லாத முகம். நான் ஓடிப்போய், "எங்கப்பா குடிக்கிறத நான் பாக்கல" என்று சொல்லியிருக்க வேண்டும். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். ஆண்கள் பக்கம் சில பிள்ளைகள் சிரித்தார்கள். அது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கும் இப்போது என் வயதுதான்.

வீட்டில் அம்மா கேட்டாள். "குடிக்கலேன்னா ஏங்க தள்ளாடினீங்க?"

"தெரியலடி. காலு எம்பேச்சக் கேக்கல."

"எம்மானத்த எல்லாரு முன்னாடியும் வாங்கிட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அப்பாவிடம் போய், "நான்தாம்பா சொன்னேன்" என்று அழுதேன்.

"வாடை வருதாம்மா?"

"வருதுப்பா."

"அப்ப நீ நெசத்தத்தானே சொன்ன? அழுவாத."

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே மாமா வந்துவிட்டார், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டிலோடு. எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ. அப்பாவின் முன்னால் வைத்தார்.

"ஊரே சொல்லியாச்சு மச்சான். நீங்க குடிச்சாலும் குடிகாரன், குடிக்காட்டியும் குடிகாரன். அப்புறம் யாருக்காக இந்த வீம்பு? எடுங்க."

அம்மா அடுப்படியில் இருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அப்பா பாட்டிலைக் கையில் எடுத்தார். தாளை உரித்தார். மூடிமேல் விரல் வைத்தபடி வெகுநேரம் இருந்தார். அவர் உதடு அசைந்தது. என்ன வரி என்று எனக்குத் தெரியும். சேசுவே, சேசுவே என்று நானும் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"எடுத்துக்கிட்டுப் போங்க மச்சான்" என்று திருப்பி நீட்டினார். "நான் ஊருக்கா வாக்குக் குடுத்தேன்?"

அதைவிடப் பெரிய சோதனை உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்குப் பிறகு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் உபதேசியாரே. "பாவசங்கீர்த்தனத்துல குடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. சாமி மன்னிச்சு நன்மை குடுத்துருவாரு. இதோட முடிஞ்சிரும்" என்றார். நன்மை வாங்கவேண்டும் என்று அப்பா எப்படித் தவித்தார் என்பது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் தெருவில் தலைநிமிர்ந்து நடந்திருக்கலாம், அம்மாவும் ஆறியிருப்பாள்.

"செய்யாதத செஞ்சேன்னு ஆண்டவர் காதுல போய்ச் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டார் அப்பா.

"அப்ப உள்ள வராத."

உள்ளே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கேட்டுக்கு வெளியே, வெயிலில், கைகட்டி நின்று பூசை கண்டார். சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கும்போது தெருப் புழுதியில் முழந்தாளிடுவார். நாம் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனோம். நானும்தான். ரொட்டிக்கடை முதலாளி, திருநீறு பூசுகிற மனிதர், அவர் ஒருவர்தான் கேட்டு வாசலுக்கு வந்து உபதேசியாரிடம் பேசினார். "கள்ள அளந்து வாங்கி அளந்து ஊத்தச் சொல்றவன் நானுங்க. ஒரு சொட்டுக் கொறயல. அந்த ஆளு தொடலீங்க." உபதேசியார், "இது எங்க கோயில் விசயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தக் கேட்டு வாசலில் விழுந்தார். பூசை முடிந்து வந்தவர்கள் சுற்றிப் போனார்கள். "காலங்காத்தாலயே ஏத்திட்டான்" என்று ஒரு குரல் கேட்டது. நான் மண்ணில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு புஸ் புஸ்ஸென்று ஆழமாக வந்தது, அதே வாடையோடு. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடி முதலாளியைக் கூட்டிவந்தாள். அவர்தான் ரொட்டி வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் புதுச்சேரிக்காரர். குனிந்து அப்பாவின் வாயை முகர்ந்தார். அம்மா முந்திக்கொண்டு, "குடிப்பாருங்க" என்றாள்.

"யாரும்மா சொன்னது? இது சாராய வாடை இல்ல. இவருக்குச் சக்கரை வியாதி. முத்திப்போச்சுன்னா மூச்சுல இப்படித்தான் வாடை வரும். தள்ளாடும், மயக்கம் வரும். பட்டினி வேற போட்டாரா?"

"நாப்பது நாளு ஒருசந்திங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

ஊசி போட்டு இரண்டாம் நாள் அப்பா கண் திறந்தார். டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார், சாமியார் வந்தார். கட்டில் ஓரத்தில் குனிந்து, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத குரலில், "தப்பா நெனச்சுட்டோம்ப்பா" என்றார். "பரவாயில்லீங்க சாமி" என்றார் அப்பா. நன்மை வாங்கிக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது.

அப்பா மன்னித்தார். அது அவருடைய விசுவாசம். எனக்கு அது வாய்க்கவில்லை. கோயில் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் வெளியே தள்ளியதை, ஒரு நோயாளியின் காதில் குசுகுசுத்தால் சரியாகிவிடுமா? அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொல்வார் என்று காத்திருந்தேன். அதற்கடுத்த ஞாயிறும். மழையைப் பற்றிச் சொன்னார், மாதா வணக்க மாதத்தைப் பற்றிச் சொன்னார். உபதேசியாரிடம் மட்டும் சொல்லியிருந்தார்; கோயிலில் இதைச் சொல்லவே இல்லை.

அப்பா அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தார். கண்ணாடி ஊசியை அம்மா அடுப்பில் கொதிக்கவைத்து எடுப்பாள். அதே கடை, அதே கலயம், அதே கை. கொடி மாறியது; ரொட்டி வாங்கிய அதிகாரிகள் கப்பலேறினார்கள். அப்பா ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. கடைசியில் காலில் பட்ட ஒரு சிறு காயம் ஆறாமல் அழுகி அவரைக் கொண்டுபோயிற்று. எனக்குப் பதினாலு வயது.

கல்லறைத் தோட்டத்தில் புதுச் சாமியார் வர நேரமானதால் உபதேசியாரே செபம் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தி, கூடியிருந்தவர்களைப் பார்த்து, "பெரிய வெள்ளியன்னிக்குக்கூட குடிச்சிட்டு வந்த மனுசன். ஆண்டவர் எப்படித் திருப்பினாரு பாருங்க" என்றார்.

"இல்லீங்க ஐயா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் நிறுத்தவில்லை. "அன்னிக்கு எங்கப்பா குடிக்கல. அது நோவு. பழைய சாமிக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வாடை வருதுன்னு சொன்னது நான். என்ன வாடைன்னு நீங்க கேக்கவே இல்ல."

யாரோ ஒரு பெண் என் தோளை அழுத்தி, "குழிகிட்ட நின்னு பேசாதடி" என்றாள். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"அது பேசட்டும். எம்புருசன் அன்னிக்குக் குடிக்கல. கட்டினவ நானே நம்பல. எல்லாரும் கேட்டுக்கங்க."

குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அம்மா இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வைத்துக்கொண்டு உபதேசியாரைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்க செபத்த" என்றாள். "மொதல்லேருந்து."

அவர் புத்தகத்தில் அந்தச் செபத்தின் முதல் பக்கத்தைத் தேடித் தேடிப் புரட்டி, மறுபடியும் தொடங்கினார்.